பெர்மியன் பேரழிவு: விண்கல்லா, எரிமலையா?

கேள்வி இதுதான்: டைனோசர்களை அழித்தது விண்கல் என்று தெரியும், அதற்கும் வெகு காலம் முன்பு, 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பெர்மியன் என்ற புவிக்காலத்தின் முடிவில் அதைவிடப் பெரிய அழிவு ஒன்று நடந்தது என்கிறார்களே, அதற்கும் விண்கல்தான் காரணமா? ஒரு இடத்தில் எரிமலை என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கடலில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது என்கிறார்கள், மீத்தேன், அமில மழை, ஓசோன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

முதலில் நேரடியான பதில். விண்கல் இல்லை. சைபீரியாவில் நடந்த எரிமலைப் பெருக்குதான் காரணம். ஆனால் "எரிமலை வெடித்தது, உயிர்கள் செத்தன" என்று அதோடு நிறுத்தினால் முக்கியமான பாதி விடுபட்டுவிடும். தரைக்கு மேலே வழிந்தோடிய குழம்பைவிட, மேலே வராமல் தரைக்கு அடியிலேயே பரவி, அங்கிருந்த நிலக்கரியையும் உப்பையும் எண்ணெய்ப் படிவுகளையும் வேகவைத்த குழம்புதான் பெரிய சேதத்தைச் செய்தது என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. அப்புறம், நீங்கள் படித்த காரணங்களில் பல ஒன்றோடொன்று போட்டி போடுபவையே இல்லை. தொடங்கிவைத்தது எது என்பது ஒரு கேள்வி, உயிரைப் பறித்தது எது என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்துவிடுவதால்தான் பத்து காரணங்கள் இருப்பதுபோலத் தெரிகிறது.

எவ்வளவு பெரிய அழிவு என்று பார்த்துவிடுவோம். கடலில் இருந்த சிற்றினங்களில் 96 சதவீதம் வரை போயிருக்கலாம் என்று டேவிட் ரௌப் 1979-இல் கணக்குப் போட்டார், அந்த எண்தான் இன்றுவரை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. 2016-இல் ஸ்டீவன் ஸ்டான்லி அதைத் திருத்தி, எந்தக் காலத்திலும் இயல்பாக நடக்கும் அழிவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சுமார் 81 சதவீதம் என்றார். எனக்கு இந்தக் குறைந்த எண்தான் நம்பகமாகத் தெரிகிறது. ஆனால் 81 என்றாலும் அதற்கு இணையான அழிவு புவி வரலாற்றில் வேறு இல்லை. 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் வாழ்ந்த, கணுக்கணுவான ஓடு கொண்ட டிரைலோபைட்டுகளின் கடைசி வாரிசுகள் இதில்தான் முடிந்தன. அந்தக் காலத்துப் பவள வகைகள் இரண்டும் முழுக்கப் போய்விட்டன, இன்று நாம் பார்க்கும் பவளங்கள் பின்னால் தனியாக வந்த வேறு கூட்டம். அரிசி மணி வடிவத்தில் கடல் தரையெங்கும் கொட்டிக்கிடந்த ஃபியூசுலினிட் என்ற ஒற்றைச்செல் உயிர்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தரையில் அன்றைய பெரிய வேட்டை விலங்குகளான கார்கனாப்சிடுகள் போயின. பூச்சிகள் இவ்வளவு பெரிய அடி வாங்கிய பேரழிவு வேறு எதுவும் இல்லை. மற்ற அழிவுகளைப் பெருமளவு தாண்டி வந்த கூட்டம் அது.

தாவரங்களில் நடந்ததைப் பார்க்க வெளிநாடு போகவே வேண்டாம். மேற்கு வங்கத்திலும் ஜார்கண்டிலும் தாமோதர் பள்ளத்தாக்கில் ராணிகஞ்ச் படிவம் என்று ஒன்று இருக்கிறது. பெர்மியன் காலத்தின் கடைசிப் பகுதியில் படிந்தது. அடுக்கடுக்காக நிலக்கரி, அதோடு சேர்ந்து நாக்கு வடிவ இலைகளின் அச்சு. குளோசாப்டெரிஸ் என்ற மரத்தின் இலை அது. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்த காலத்தில் அந்தத் தென் நிலப்பரப்பின் சதுப்புக் காடுகளை ஆண்டது இந்த மரம்தான். 1912-இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோன ஆங்கிலேயப் பயணி ஸ்காட்டின் குழு, நடக்கவே முடியாத நிலையிலும் கீழே போடாமல் இழுத்து வந்த சுமார் 16 கிலோ கற்களில் இதே இலை இருந்தது. ராணிகஞ்ச் படிவத்துக்கு நேர் மேலே இருப்பது பாஞ்செத் படிவம். பச்சையும் சிவப்புமான களிமண் கற்கள், மணற்கற்கள். நிலக்கரி கிடையாது. குளோசாப்டெரிஸ் காடும் அதோடு முடிந்தது. அதற்குப் பதில் அங்கே கிடைப்பது லிஸ்ட்ரோசாரஸ் எலும்புகள், அதாவது பேரழிவைத் தாண்டிவந்த, பன்றி அளவிலான, இரண்டு தந்தப்பல் கொண்ட தாவர உண்ணி. ஒரே பள்ளத்தாக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக, அழிவுக்கு முந்தைய உலகமும் பிந்தைய உலகமும். இந்தியாவின் நிலக்கரியில் பெரும்பகுதி பெர்மியன் காலத்துக் காடுகள் கொடுத்தது, அந்தக் காடுகள் எப்படி நின்றுபோயின என்பது பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாவது வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம்.

சரி, விண்கல்லுக்கு வருவோம். 1980-இல் ஆல்வாரெஸ் தந்தையும் மகனும் தங்கள் சகாக்களோடு சேர்ந்து, டைனோசர் கால முடிவில் உள்ள மெல்லிய களிமண் அடுக்கில், பூமியின் மேற்பரப்பில் அரிதான, விண்கற்களில் அதிகமுள்ள இரிடியம் என்ற உலோகம் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். பின்னால் மெக்சிகோவில் சிக்சுலூப் பள்ளமும் உறுதியானது. அந்த வெற்றியைப் பார்த்த பிறகு, எல்லாப் பேரழிவுக்கும் ஒரு பள்ளத்தைத் தேடுவது இயல்பாகவே நடந்தது. பெர்மியனுக்கும் தேடினார்கள். 2001-இல் லூவான் பெக்கர் குழு, பெர்மியன் முடியும் எல்லையில் உள்ள பாறைகளில் ஃபுல்லரீன் என்ற கார்பன் கூண்டுகளுக்குள் விண்வெளி வாயு சிக்கியிருக்கிறது என்றது. மற்ற ஆய்வகங்கள் அதே பாறையை எடுத்துச் சோதித்தபோது அது கிடைக்கவில்லை. 2004-இல் அதே குழு, ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலடியில் உள்ள பெடூ என்ற மேடுதான் பள்ளம் என்றது. அங்கிருந்து எடுத்த பாறையைப் பார்த்த மற்றவர்கள் அது எரிமலைப் பாறை என்றார்கள். 2006-இல் அண்டார்டிகாவின் வில்க்ஸ் லேண்டில் பனிக்கு அடியில் ஈர்ப்பு விசை மாறுபடும் பெரிய வட்டம் ஒன்று இருக்கிறது, அதுதான் என்றார்கள். கிலோமீட்டர் கணக்கில் பனிக்கு அடியில் இருப்பதை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை, அதன் வயதும் தெரியாது. பிரேசிலில் அராகுவாயின்யா என்று உண்மையான விண்கல் பள்ளம் ஒன்று இருக்கிறது, காலமும் பக்கத்தில்தான். ஆனால் 40 கிலோமீட்டர் அகலம் மட்டுமே, தவிர அதன் வயது அழிவுக்குப் பல லட்சம் ஆண்டுகள் முந்தையது. சிக்சுலூப் 180 கிலோமீட்டருக்குக் குறையாது, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம்விட முக்கியம், பெர்மியன் எல்லையில் டைனோசர் கால எல்லையைப்போல உலகமெங்கும் இரிடியம் படியவில்லை. அந்தப் பெரிய தடயம் இல்லாத நிலையில் விண்கல்லைப் பிடித்துத் தொங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எரிமலை என்பதற்கு ஆதாரம் என்ன? இங்கே சீனாவின் மெய்ஷானைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செஜியாங் மாகாணத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குவாரிகள் உள்ள இடம். பெர்மியனுக்கும் அதற்கு அடுத்த காலமான ட்ரயாசிக்குக்கும் இடையிலான எல்லை எது என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவுகோல் 2001 முதல் அங்கேதான் இருக்கிறது (காஷ்மீரில் ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் உள்ள குர்யுல் பள்ளத்தாக்கும் அந்த இடத்துக்குப் போட்டியிட்டது, அதுவும் அருமையான இடம்). மெய்ஷானில் அடுக்குகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். 24-ஆம் அடுக்கு வரை சாதாரணச் சுண்ணாம்புக்கல், அதில் பலவகை உயிர்களின் எச்சம். அதன் மேல் 25-ஆம் அடுக்கு, வெறும் 4 செ.மீ. தடிமன், வெளுத்த களிமண். அது எரிமலைச் சாம்பல் மக்கி உருவானது. அதற்கு மேல் 26, கறுத்த களிமண். 24-இல் இருந்தவற்றில் பெரும்பாலானவை அந்த 4 சென்டிமீட்டரின் அடியிலேயே நின்றுபோகின்றன. எல்லைக் கோடு என்று அதிகாரபூர்வமாக வைத்திருப்பது கொஞ்சம் மேலே, 27-ஆம் அடுக்கின் நடுவில், கோனோடாண்ட் என்ற, இன்று அழிந்துபோன விலாங்கு போன்ற சிறு கடல் உயிர்களில் ஒரு குறிப்பிட்ட வகையின் பல் முதன்முதலில் தோன்றும் இடத்தில். ஆக, அழிவு தொடங்கியது எல்லைக்குச் சற்று முன்னால்.

அந்தச் சாம்பல் அடுக்குதான் பெரிய வரம். சாம்பலில் சிர்கான் என்ற நுண்ணிய படிகங்கள் இருக்கும். அவற்றுக்குள் யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறிய அளவைக் கொண்டு வயது சொல்லலாம். 2014-இல் சேத் பர்ஜஸ், சாமுவேல் பௌரிங், ஷென் ஷுஜோங் மூவரும் இதைத் துல்லியமாகச் செய்தார்கள். அழிவு தொடங்கியது இன்றிலிருந்து 25 கோடியே 19 லட்சத்து 41 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, முடிந்தது சுமார் 60 ஆயிரம் ஆண்டுகளில். பிழை வரம்பு 48 ஆயிரம் ஆண்டுகள், எனவே 12 ஆயிரம் ஆண்டுகளிலேயே முடிந்திருக்கவும் இடமுண்டு. கால் நூற்றாண்டுக்கு முன்னால் இந்த அழிவு பல லட்சம் ஆண்டுகள் நீடித்த மெதுவான சரிவு என்று நம்பியவர்கள் நிறைய இருந்தார்கள். கடல் மட்டம் இறங்கி ஆழமற்ற கடல்கள் வற்றியதால் உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன என்ற பழைய விளக்கம் அந்த நம்பிக்கையின் மேல் நின்றது. 60 ஆயிரம் ஆண்டு என்றானதும் அந்த விளக்கம் நிற்கவில்லை.

இப்போது சைபீரியா. நோரில்ஸ்க், புத்தொரானா பீடபூமி, துங்குஸ்கா ஆற்றுப் படுகை, அந்தப் பகுதி முழுக்க எரிமலைப் பாறை. பெரிய எரிமலை ஒன்று வெடித்தது என்று கற்பனை செய்யாதீர்கள். தரையில் நீளநீளமாக வெடிப்பு விட்டு, அதன் வழியே பல லட்சம் ஆண்டுகள் விட்டுவிட்டுக் குழம்பு வழிந்தது, நம் தக்காணப் பீடபூமி உருவான விதத்தில். மொத்த அளவு 30 முதல் 40 லட்சம் கன கிலோமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். இந்தியாவின் பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். அதை நாடு முழுக்கப் பரப்பினால் காஷ்மீர் முதல் குமரி வரை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குப் பாறை நிற்கும்.

ஆனால் அளவை மட்டும் காட்டி வழக்கை முடிக்க முடியாது. 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தென் அமெரிக்காவிலும் நமீபியாவிலுமாகப் பிரிந்து கிடக்கும் பரானா பகுதியில் இதுபோல மாபெரும் குழம்புப் பெருக்கு நடந்தது. அப்போது பேரழிவு எதுவும் இல்லை. சைபீரியாவிலேயே ஒரு புதிர் இருந்தது. மேலே வழிந்த குழம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அழிவு தொடங்குவதற்கு முந்தைய 3 லட்சம் ஆண்டுகளிலேயே வெளிவந்துவிட்டது. அத்தனை நாளும் கடல் உயிர்கள் பிழைத்திருந்தன. குழம்புதான் கொன்றது என்றால் ஏன் 3 லட்சம் ஆண்டு காத்திருந்தது?

இதற்கு விடை 2017-இல் வந்தது, திரும்பவும் பர்ஜஸ், பௌரிங், கூடவே முயர்ஹெட். குழம்பு மேலே வருவது ஒரு கட்டத்தில் பெரும்பாலும் நின்று, பாறை அடுக்குகளுக்கு இடையில் கிடைமட்டமாக ஊடுருவத் தொடங்கியது. மேலே ஏற்கெனவே கெட்டியாகிக் கிடந்த குழம்புப் பாறையே மூடி போட்டுவிட்டதால் அப்படி ஆகியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அந்தக் கிடைமட்டத் தகடுகளை சில் என்பார்கள். அவற்றின் வயதைப் பார்த்தால் முதல் சில்கள் ஊடுருவிய காலமும் அழிவு தொடங்கிய காலமும் பிழை வரம்புக்குள் ஒன்றாக வருகின்றன.

ஊடுருவிய இடம்தான் விஷயம். துங்குஸ்கா படுகையின் அடியில் கேம்பிரியன் என்ற மிகப் பழைய காலத்து உப்புப் படிவுகள், ஜிப்சம், சுண்ணாம்புக்கல், பெட்ரோலிய எண்ணெய் ஊறிய பாறைகள், அதற்கு மேல் பெர்மியன் வரையிலான நிலக்கரி அடுக்குகள். உயிர்களுக்கு ஆபத்தான வாயு எதையெல்லாம் பாறையிலிருந்து கறக்க முடியுமோ அத்தனைக்கும் மூலப்பொருள் ஒரே இடத்தில். அதற்குள் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பு புகுந்தால், நிலக்கரியிலிருந்து மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும், சுண்ணாம்பிலிருந்து இன்னும் கார்பன் டை ஆக்சைடும், ஜிப்சத்திலிருந்து சல்ஃபர் டை ஆக்சைடும், எண்ணெய் ஊறிய உப்பிலிருந்து குளோரினும் புரோமினும் கலந்த வாயுக்களும் வரும். வரும் என்பதை வெறுமனே சொல்லவில்லை. ஹென்ரிக் ஸ்வென்சன் குழு சைபீரிய உப்பை ஆய்வகத்தில் சூடாக்கிப் பார்த்து மெத்தில் குளோரைடும் மெத்தில் புரோமைடும் வெளிவருவதை 2009-இல் காட்டியது.

அடியில் சேர்ந்த வாயு எப்படி வெளியேறியது? வெடித்துத்தான். துங்குஸ்கா படுகையில் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்த குழாய் போன்ற வெடிப்பு வழிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குள் உடைந்த பாறைத் துண்டுகள் தாறுமாறாக அடைத்துக் கிடக்கும். பலவற்றில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது படிந்திருப்பதால் சோவியத் காலத்திலிருந்தே சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள், கோர்ஷுனோவ்ஸ்கோயே அப்படிப்பட்ட ஒரு இரும்புச் சுரங்கம். இரும்புக்காகத் தோண்டிய குழிகள்தான் பேரழிவின் புகைபோக்கிகள் எப்படி இருக்கும் என்பதை ஆய்வாளர்களுக்குக் காட்டின. நிலக்கரி நிஜமாகவே எரிந்ததா என்ற சந்தேகமும் தீர்ந்துகொண்டிருக்கிறது. லிண்டா எல்கின்ஸ்-டான்டன் குழு சைபீரிய எரிமலைப் பாறைகளுக்குள்ளேயே கருகிய மரத்துண்டுகளையும் எரிந்த நிலக்கரியையும் எடுத்து 2020-இல் வெளியிட்டது. அதற்கு முன்பே, 2011-இல், கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் புக்கானன் ஏரிக்குப் பக்கத்துப் பாறைகளில், இன்றைய அனல் மின் நிலையச் சாம்பலைப்போலவே இருக்கும் நுண்துகள்களை ஸ்டீஃபன் கிராஸ்பி குழு கண்டிருந்தது. அது காட்டுத்தீயின் கரியாகவும் இருக்கலாம் என்று மறுத்தவர்கள் உண்டு, அந்த மறுப்பில் நியாயமும் உண்டு. ஆனால் சீனா முதல் கனடா வரை பல இடங்களில் எல்லைப் பாறைகளில் பாதரசம் திடீரென்று கூடுகிறது. பாதரசம் எரிமலையிலிருந்தும் எரியும் நிலக்கரியிலிருந்தும் வருவது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஐயம் இல்லை.

இனி, கொன்றது எது. கார்பன் டை ஆக்சைடு முதல் குற்றவாளி. தென்மேற்குச் சீனாவின் தாவர எச்சங்களைக் கொண்டு போட்ட ஒரு கணக்குப்படி, காற்றில் அதன் அளவு 400 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 400 பங்கை) ஒட்டிய நிலையிலிருந்து சுமார் 75 ஆயிரம் ஆண்டுகளில் 2,500 பிபிஎம் வரை ஏறியது. கோனோடாண்ட் பற்களில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுக்கள்), நிலநடுக்கோட்டுக் கடல் நீர் 8 முதல் 10 டிகிரி வரை சூடானதைக் காட்டுகின்றன. ட்ரயாசிக்கின் தொடக்கத்தில் சில காலம் கடல் மேற்பரப்பு 40 டிகிரியை எட்டியது என்று 2012-இல் சுன் யாதோங் குழு எழுதியது. 40 டிகிரி காற்று நமக்குப் பழக்கம். கடலே 40 டிகிரி என்பது முற்றிலும் வேறு. பெரும்பாலான கடல் விலங்குகள் அதில் நெடுநேரம் தாங்காது.

சூடான நீரில் வாயு தங்காது, வெயிலில் வைத்த சோடா போல. கடல் சூடாகச் சூடாக ஆக்சிஜன் வெளியேறியது. அதே சமயம், உடல் சூடேறும்போது மீனுக்கும் சிப்பிக்கும் மூச்சு அதிகம் தேவைப்படும். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது, இதுதான் கொலைக்கருவி என்று 2018-இல் ஜஸ்டின் பென், கர்டிஸ் டாய்ச் ஆகியோர் கணினி மாதிரியில் காட்டினார்கள். அவர்கள் கணக்கில் கடல் தன் ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கை இழந்தது. கடலில் நடந்த அழிவில் பாதிக்கு மேல் இதைக்கொண்டே விளக்கிவிடலாம். அந்த மாதிரி இன்னொன்றும் சொன்னது: வெப்பமண்டல உயிர்கள் ஏற்கெனவே சூட்டுக்குப் பழகியவை, குளிர்ந்த துருவக் கடல் உயிர்களுக்குத் தப்பிப் போக இடமே இல்லை, எனவே துருவப் பக்கம்தான் அழிவு விகிதம் கூடுதலாக இருக்க வேண்டும். புதைபடிவப் பதிவைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள், அப்படியே இருந்தது. முன்கூட்டிச் சொல்லி, பிறகு பாறையில் அது சரியாக வந்து உட்காருவது, இந்தத் துறையில் எப்போதாவதுதான் நடக்கும்.

ஆக்சிஜன் போனதற்குப் பாறையில் தடயம் நிறைய இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத நீரில் உருவாகும் மிகச் சிறிய பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உருண்டைகள் அந்தக் கால அடுக்குகளில் உலகெங்கும் கிடைக்கின்றன. மெய்ஷான் உட்படச் சில இடங்களில் பச்சைக் கந்தக பாக்டீரியாவின் நிறமி மிச்சங்களும் கிடைத்திருக்கின்றன. இந்த பாக்டீரியாவுக்கு வெளிச்சம் வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேண்டும், ஆக்சிஜன் ஆகாது. அதாவது சூரிய ஒளி எட்டும் மேல்மட்ட நீரிலேயே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த விஷ வாயு கலந்திருந்தது. அது கடலைவிட்டுக் காற்றில் கலந்து தரை விலங்குகளையும் கொன்றது என்று லீ கம்ப் 2005-இல் சொன்னார். கடலோரங்களில் நடந்திருக்கலாம், உலகம் முழுக்க என்பது எனக்கு மிகையாகப் படுகிறது.

கடல் அமிலமானதும் சேர்ந்து நடந்தது. எந்தெந்த உயிர் செத்தது என்ற பட்டியலே அதற்குச் சாட்சி. ஆண்ட்ரூ நோல், ரிச்சர்ட் பம்பாக் ஆகியோர் 1996-இலேயே இதைக் கவனித்தார்கள். கனமான சுண்ணாம்பு ஓடு கட்டி, உடலுக்குள் அமிலத்தன்மையைச் சமாளிக்கும் வசதி இல்லாத பவளம், சிப்பி போலத் தெரியும் பிரேக்கியோபாட் போன்றவை மிகக் கடுமையாக அழிந்தன. செவுளும் நல்ல ரத்த ஓட்டமும் உள்ள மீன், இறால் போன்ற ஓட்டுடலிகள், சில நத்தை வகைகள் ஒப்பீட்டில் தப்பின. விண்கல் விழுந்து இருட்டாகி உணவு அற்றுப்போயிருந்தால் இப்படி ஓட்டைப் பார்த்து, மூச்சைப் பார்த்துப் பிரித்திருக்காது.

தரையில் நிலவரம் வேறு. அங்கே வெப்பத்தோடு வறட்சி, அமில மழை, ஓசோன் சேதம் மூன்றும் வருகின்றன. குளோரின், புரோமின் வாயுக்கள் மேலே போய் ஓசோனைத் தின்றால் புற ஊதாக் கதிர் கூடும். அந்தக் காலத்து மகரந்தத் துகள்களிலும் வித்துகளிலும் உருக்குலைந்தவை வழக்கத்துக்கு மாறாக நிறைய. ஜெஃப்ரி பென்கா பெர்க்லியில் குட்டைப் பைன் மரங்களை அதிகப் புற ஊதாக் கதிரில் வளர்த்துப் பார்த்தார். மரங்கள் சாகவில்லை. ஆனால் மகரந்தம் உருக்குலைந்தது, பெண் கூம்புகள் சுருங்கிப் போயின, விதை பிடிக்கவில்லை. காடு நின்ற இடத்திலேயே நின்று, வாரிசு இல்லாமல் முடிந்திருக்கலாம் என்று இந்தச் சோதனை சொல்கிறது. 2024-இல் வந்த ஒரு ஆய்வு, அன்று ஆண்டுக்கணக்கில் நீளும் மாபெரும் எல் நினோக்கள் வந்து, வறட்சியும் வெள்ளமும் மாறிமாறித் தாக்கியதால் தரைத் தாவரங்களுக்குத் தகவமைய நேரமே கிடைக்கவில்லை என்கிறது.

மீத்தேன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடலடியில் பனிக்கட்டியோடு உறைந்திருந்த மீத்தேன் மொத்தமாக வெளிவந்தது என்பது ஒரு காலத்தில் மிகவும் பேசப்பட்டது, ஏனென்றால் பாறைகளில் கார்பன் ஐசோடோப்பு விகிதம் அவ்வளவு கூர்மையாக இறங்கியதை வெறும் எரிமலை வாயுவால் விளக்க முடியவில்லை. வேகவைத்த நிலக்கரியிலிருந்து வரும் கார்பனும் லேசான கார்பன்தான் என்றானபின் அந்தத் தேவை பெரும்பாலும் போய்விட்டது. கொஞ்சம் வந்திருக்கும், முதன்மைக் காரணமாக வைக்க வேண்டியதில்லை. 2014-இல் டேனியல் ராத்மன் குழு சொன்ன நுண்ணுயிர்க் கதையும் உண்டு: மெத்தனோசார்சினா என்ற நுண்ணுயிர் அந்தக் காலத்தை ஒட்டிப் புதிதாக ஒரு மரபணுத் திறனைப் பெற்று, நோரில்ஸ்க் பக்கத்து எரிமலைகள் கொடுத்த நிக்கலைக் கொண்டு பெருகி மீத்தேனைக் கொட்டியது என்று. கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் மரபணுவை வைத்துச் சொல்லும் காலக் கணக்கின் பிழை வரம்பு மிகப் பெரியது, 60 ஆயிரம் ஆண்டு நிகழ்வோடு அதைப் பொருத்துவது கடினம்.

அழிந்ததைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, மீள எவ்வளவு காலம் ஆனது என்பது. ட்ரயாசிக்கின் முதல் 50 லட்சம் ஆண்டுகள் பெரும்பாலும் வெப்பம் தணியவில்லை, நடுநடுவே சின்னச் சின்ன அழிவுகள் வேறு. உலகில் எங்குமே அந்தக் காலத்தில் படிந்த நிலக்கரி கிடையாது, சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு நிலக்கரி படியும் அளவுக்குச் சதுப்புக் காடு எங்கும் இல்லை. காடு போனதால் கார்பனை உறிஞ்ச ஆளில்லை, உறிஞ்ச ஆளில்லாததால் சூடு இறங்கவில்லை, சூடு இறங்காததால் காடு வரவில்லை.

இன்றைய நிலையோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். மொத்த அளவில் நாம் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை, சைபீரியா கொட்டியது பல மடங்கு. ஆனால் வேகத்தில் நாம் முந்திவிட்டோம். நிலக்கரி, எண்ணெய் எரிப்பதில் இன்று ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன் காற்றில் கலக்கிறது. பெர்மியன் முடிவில் பல ஆயிரம் ஆண்டு சராசரி எடுத்தால் அது இதைவிட மெதுவாகவே நடந்தது என்பதுதான் பெரும்பாலான கணக்கீடுகளின் முடிவு. கடலுக்கு முக்கியம் வேகம்தான், மெதுவாக வந்தால் ஆழ்கடலும் படிவுகளும் அமிலத்தை ஈடுகட்டிவிடும். இதில் பயமுறுத்தலும் வேண்டாம், பூசி மெழுகலும் வேண்டாம், எண்களைப் பாருங்கள்.

கடைசியாக, இன்னும் தீராத ஒரு வழக்கு. தரையிலும் கடலிலும் அழிவு ஒரே நேரத்தில்தான் நடந்ததா? ஆஸ்திரேலியாவின் சிட்னி படுகையில் குளோசாப்டெரிஸ் காடுகள், கடல் அழிவுக்குச் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள் முன்னதாகவே சரிந்துவிட்டன என்று 2019-இல் வந்த ஆய்வு சொன்னது. தென்னாப்பிரிக்காவின் கரூ படுகையில் லிஸ்ட்ரோசாரஸ் அடுக்குகளில் கிடைத்த ஒரு சாம்பலின் வயது 25 கோடியே 22 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகள் என்று ராபர்ட் கஸ்டால்டோ குழு 2020-இல் வெளியிட்டது, அதுவும் கடல் அழிவுக்கு 3 லட்சம் ஆண்டு முந்தையது. சைபீரியாவில் குழம்பு தரைக்கு மேல் வழியத் தொடங்கிய காலத்தோடு இது கிட்டத்தட்டப் பொருந்துகிறது. அப்படியானால் மேலே வழிந்த முதல் 3 லட்சம் ஆண்டுகள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் மேலே சொன்னது கடலுக்கு மட்டும் பொருந்தும், தென் நிலப்பரப்பின் காடுகள் அப்போதே விழத் தொடங்கியிருக்கலாம். சீனாவின் தரைப் படிவுகளிலோ இரண்டு அழிவும் ஒன்றையொன்று இன்னும் நெருங்கி வருகின்றன. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு கணக்கு, தெற்கே ஒரு கணக்கு என்று இருந்திருக்கவே எனக்கு வாய்ப்பு அதிகம் தெரிகிறது. தரைப் படிவுகளில் வயது சொல்லக்கூடிய சாம்பல் அடுக்குகள் குறைவு என்பதால் இழுத்துக்கொண்டிருக்கிறது. ராணிகஞ்சுக்கும் பாஞ்செத்துக்கும் இடையில் அப்படி ஒரு சாம்பல் அடுக்கு நல்ல சிர்கானோடு கிடைத்தால் இந்த வழக்கில் இந்தியாவின் சாட்சியமும் ஏறும்.